மாசமாக இருக்கும்போது முகப்பரு: எந்த ட்யூபைத் தொடலாம்?

கேள்வி: நான்கு மாதக் கர்ப்பம். பள்ளிக்கூட வயதில்கூட எனக்குப் பரு வந்ததில்லை. இப்போது தாடையிலும் கன்னத்திலும் கொத்துக் கொத்தாக வருகிறது. ஆண் குழந்தை என்றால்தான் இப்படி வரும் என்கிறார் மாமியார். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஏதும் ஆகுமா? என்ன பூசலாம்?
- வாசகி, கும்பகோணம்

பருவால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஆணா பெண்ணா என்பதும் பருவில் தெரியாது, மாமியார் கோபித்துக்கொள்ள வேண்டாம். கர்ப்பத்தில் ஹார்மோன்கள் கூடுவதால் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமாகச் சுரக்கின்றன. அந்த எண்ணெயும் உதிரும் தோல் செல்களும் சேர்ந்து மயிர்த்துளையை அடைக்கின்றன. அடைபட்ட இடத்தில் கிருமி பெருகிச் சிவந்தால் அதுதான் பரு.

கர்ப்பத்தில் தயக்கமின்றி முதலில் எடுக்கக்கூடியவை இரண்டு: அசெலாயிக் ஆசிட், பென்சாயில் பெராக்சைடு. அசெலாயிக் ஆசிட் கோதுமை, பார்லியிலும் இயற்கையாகவே இருக்கும் பொருள். பரு போன இடத்தில் நிற்கும் கறுப்பையும் அது மெல்ல வெளுக்கச் செய்வதால், நம் நிறத் தோலுக்கு இதையே முதலில் சொல்வோம். இரவில் ஒரு வேளை பூசத் தொடங்குங்கள். தோல் பழகியதும், இரண்டு வாரம் கழித்துக் காலையிலும் பூசலாம். முதல் சில நாள் சுருசுருவென்று இருக்கும், பயப்பட வேண்டாம்.

பென்சாயில் பெராக்சைடில் 2.5 சதவீத ஜெல்லே போதும். 5, 10 என்று ஏற்றினால் எரிச்சல்தான் கூடும், பலன் அந்த அளவுக்குக் கூடாது. பூசியதில் ஏறக்குறைய 5 சதவீதம்தான் உடம்புக்குள் போகிறது, அதுவும் பென்சாயிக் ஆசிடாக மாறிச் சிறுநீரில் வெளியேறிவிடும். முகம் கழுவியதும் ஈரத்தோடு பூசாதீர்கள், 15 நிமிடம் காயட்டும். பட்டாணி அளவு எடுத்து நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை என ஐந்து புள்ளி வைத்து மெலிதாகப் பரப்புங்கள். பருவின் தலையில் மட்டும் தொட்டு வைப்பது வீண். அடுத்து வரப்போகும் பரு பக்கத்துத் துளையில்தான் காத்திருக்கிறது. முதல் வாரம் 10 நிமிடம் வைத்துக் கழுவிவிடுங்கள். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் இரவு முழுக்க விடலாம். தலையணை உறை, துண்டு எல்லாம் வெளுத்துப்போகும். வெள்ளைத் துணியாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். பத்து நாளில் கேட்கவில்லை என்று ட்யூபை மாற்றிக்கொண்டே போவதால்தான் பலருக்குப் பரு நிற்பதே இல்லை. சீழ்ப் பரு நிறைய இருந்தால் மருத்துவர் கிளின்டாமைசின் 1 சதவீத ஜெல் எழுதித் தருவார். அதைத் தனியாகப் பூசினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்; பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துத்தான் பூச வேண்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. கிளின்டாமைசின் ஜெல்லில் அடாபலீன் சேர்த்ததும் நம் ஊரில் விற்கிறது. அடாபலீன் கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டிய மருந்து. முன்பக்கப் பெயரை மட்டும் பார்த்து வாங்காமல், ட்யூபின் பின்பக்கச் சேர்மானத்தை ஒவ்வொன்றாக வாசியுங்கள்.

கேள்வி: கர்ப்பம் என்று தெரிவதற்கு முன் 6 வாரம் வரை அடாபலீன் பூசிவிட்டேன். அதற்கும் முன்னால் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டேன். கர்ப்பம் தரிப்பதற்கு மூன்று மாதம் முன்பே நிறுத்தியாயிற்று. தூக்கமே வரவில்லை.
- வாசகி, ஈரோடு

மாத்திரையை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஐசோட்ரெட்டினாயின் கருவின் காது, முகம், இதயம், மூளையைக் கடுமையாகப் பாதிக்கக்கூடிய மருந்துதான். ஆனால் நிறுத்தி ஒரு மாதம் இடைவெளி விட்டால் போதும் என்பதே விதி, உங்களுக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது.

அடாபலீனை இன்றே நிறுத்துங்கள். தோலில் பூசும்போது இரத்தத்துக்குப் போவது மிகச் சொற்பம். அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டிய தேவை இல்லை. மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; எல்லாருக்கும் 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் குறைபாட்டு ஸ்கேனை உங்களுக்கும் கவனமாகப் பார்ப்பார். அடாபலீன் வகையையே சேர்ந்த ட்ரெட்டினாயின், டாசரோட்டீன் ட்யூப்கள் வீட்டில் இருந்தால் அவற்றையும் ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய க்ரீம் பூசினேன். ஒரே வாரத்தில் பரு அமுங்கி முகம் பளிச்சென்று ஆனது. இப்போது 5 மாதம். நிறுத்தினால் முகம் சிவந்து எரிகிறது. தொடரலாமா?
- வாசகி, மதுரை

ஒரே வாரத்தில் பளிச் என்றாலே அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். தோலை வெளுக்கச் செய்யும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் இரண்டோடு மொமெட்டசோன் போன்ற ஒரு ஸ்டீராய்டும் சேர்ந்த க்ரீமாக இருக்கலாம். மூன்றும் உங்களுக்கு ஆகாது. ஹைட்ரோகுவினோன் தோல் வழியே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே போகக்கூடியது. ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்கி வைக்கும். கூடவே தோலை மெலிய வைத்து, புதிதாகப் பருவையும் கிளப்பும். நிறுத்தியதும் வரும் எரிச்சல், தோல் அதற்கு அடிமையாகிவிட்டதன் அடையாளம். அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடி பூசுவதால்தான் பலர் வருடக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

தோல் மருத்துவரைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும், க்ரீமை அட்டைப்பெட்டியோடு கொண்டுபோங்கள். சில வாரம் சிவப்பு கூடித்தான் அடங்கும். அதுவரை வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், ஈரத்துணி ஒத்தடம், துத்தநாக ஆக்சைடு சன்ஸ்கிரீன் போதும். மற்ற எதையும் முகத்தில் வைக்காதீர்கள்.

சேர்மானமே அச்சிடாத சிவப்பழகு க்ரீம் என்றால் இன்னும் மோசம். அப்படிப்பட்டவற்றில் பாதரசம் இருப்பதுண்டு, அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்கும் போகும்.

கேள்வி: எலுமிச்சை, பற்பசை, கஸ்தூரி மஞ்சள், வேப்பிலை. இவற்றில் எது நல்லது?
- வாசகி, திருநெல்வேலி

எலுமிச்சையும் பற்பசையும் தோலைப் புண்ணாக்கும். எலுமிச்சை பூசி வெயிலில் போனால் கருத்தும் போகும். மஞ்சள் பூசுவதால் கெடுதல் இல்லை, ஆனால் பருவுக்கு மருந்தும் இல்லை. வேப்பிலையை அரைத்துக் குடிக்கவே கூடாது. தலைக்கு எண்ணெய் வைப்பவர்களுக்கு நெற்றியோரம் மட்டும் பொடிப் பரு வந்தால், எண்ணெயைக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் வைத்து அலசிவிட்டாலே பாதி குறையும்.

கேள்வி: ஏழாம் மாதம். கன்னத்தில் கட்டி கட்டியாக வலியோடு வருகிறது. முன்பு டாக்ஸிசைக்ளின் கேட்டது. அதையே வாங்கலாமா? உள்ளங்கையும் பாதமும் வேறு அரிக்கின்றன.
- வாசகி, வேலூர்

வாங்காதீர்கள். டாக்ஸிசைக்ளின், மினோசைக்ளின் இரண்டும் பிள்ளையின் பல்லிலும் எலும்பிலும் படியும் வகையைச் சேர்ந்தவை. மாத்திரை அவசியம் என்றால் எரித்ரோமைசின், அசித்ரோமைசின், செபலெக்சின் ஆகியவற்றில் ஒன்றை மருத்துவர் குறைந்த நாளுக்குத் தருவார். எரித்ரோமைசினில் எஸ்டோலேட் வகை மட்டும் கர்ப்பிணியின் கல்லீரலுக்கு ஆகாது.

அரிப்புதான் பருவைவிட முக்கியம். உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பு, அதிலும் இரவில் கூடினால், பித்தநீர் தேங்கும் கர்ப்பகாலக் கல்லீரல் கோளாறாக இருக்கலாம். அது பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. களிம்பு தேடிக்கொண்டிருக்காமல், நாளையே மகப்பேறு மருத்துவரிடம் போய்ப் பித்த அமிலம், கல்லீரல் இரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள்.