அப்பாவுக்கு மட்டும் ஏன் இப்படி, டாக்டர்?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. தினமும் ஜீப்பில் மலை மெட்டு ஏறி, கேரளாப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். காய்ச்சலை ஆறு நாள் மெடிக்கல் கடை மாத்திரையிலேயே ஓட்டினார். ஏழாம் நாள் மூச்சு வாங்கியது, ஐ.சி.யூ.வில் சேர்த்தோம். உண்ணிக் காய்ச்சல், 'அப்பாச்சி ஸ்கோர் 26' என்றார்கள். பதினோரு நாள் வென்டிலேட்டர். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு 74 வயது. அதே காய்ச்சல்தான், நாலே நாளில் வீடு வந்துவிட்டார். அப்பாவுக்கு மட்டும் ஏன் இப்படி? வீட்டுக்கு வந்தும் ராத்திரியில் உளறுகிறார்.
- வாசகர், கம்பம்

பதில்: தம்பி, வயதை வைத்துக் கணக்குப் போட்டதால்தான் உங்களுக்குக் குழப்பம். அப்பாச்சி-2 என்பது 1985-ல் அமெரிக்காவில் வகுத்த கணக்கு. ஐ.சி.யூ.வில் முதல் 24 மணி நேரத்தில் ரத்த அழுத்தம், மூச்சு, கிரியாட்டினின் (கிட்னியின் நிலையைக் காட்டும் அளவு), சோடியம் எல்லாம் எவ்வளவு மோசமாகப் போயின என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள்; கூடக் கூட ஆபத்து. உச்சம் 71. அதில் வயதுக்கு உங்கள் அப்பாவுக்கு 3, தாத்தாவுக்கு 5. அவ்வளவுதான் வித்தியாசம்! நினைவு தப்பினால் அதற்கு மட்டுமே 12 வரை ஏறும். கிட்னி திடீரென்று நின்றால் 8 வரை.

ஆனால் நோயாளி வாசல் தாண்டி வந்த பிறகு போடும் கணக்கு அது. வெளியே போன ஆறு நாளுக்கு அதில் கட்டம் கிடையாது. மெடிக்கலில் வழக்கமாகத் தரும் அமாக்சிசிலின், செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகள் உண்ணிக் காய்ச்சல் கிருமியைத் தொடாது, டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் வேண்டும். தாத்தாவுக்கு அது சீக்கிரம் கிடைத்திருக்கும் என்பது என் ஊகம். அப்பாவைக் குறை சொல்லவில்லை. ஜீப்பை விட்டால் அன்றைய கூலி போச்சு.

மலையில் இந்தக் காய்ச்சலுக்குச் 'செள்ளுப்பனி' என்று பெயர். (மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல், நம் மார்கழிப் பனியில்லை.) இதைப் பரப்புவது புதரில் இருக்கும் உண்ணிப் பூச்சிக்குஞ்சு; அது கடித்த இடத்தில் பீடியால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தப் பொருக்கு எல்லோருக்கும் வருவதுமில்லை. ஒரு தடவை நானே கோட்டை விட்டேன். ஒருவரை இரண்டு நாள் டைபாய்டு என்றே வைத்திருந்தேன். உடம்பு துடைத்த நர்ஸம்மா அரைஞாண் கயிற்றைத் தூக்கிப் பார்த்து, "சார், இங்கே வாங்க" என்றார். கயிற்றுக்கு அடியில், பட்டாணி அளவில் இருந்தது. அன்றிலிருந்து இடுப்பு, அக்குள், தொடையிடுக்கு பார்க்காமல் நான் காய்ச்சல் சீட்டு எழுதுவதில்லை.

இனி வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், "ஏலத்தோட்டத்துக்குப் போறவர்" என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். கடைசியில் சொன்னால் போதாது.

ராத்திரி உளறல் பைத்தியமில்லை. வென்டிலேட்டர், தூக்க மருந்து, இரவு பகல் தெரியாத அறை எல்லாம் சேர்ந்து மூளையைக் குழப்பியிருக்கும். பெரும்பாலும் மெல்லத் தெளியும். கூடிக்கொண்டே போனாலோ காய்ச்சல் திரும்பினாலோ உடனே காட்டுங்கள். கட்டிலை ஜன்னல் பக்கம் போடுங்கள், பகலில் பேச்சுக் கொடுங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் தேடி மாட்டிவிடுங்கள்; சேர்த்த அன்று கழற்றிப் பையில் போட்டது இன்னும் அந்தப் பையிலேயே கிடக்கும்.