50 ஏக்கரில் நடந்தே போய்வரும் குடியிருப்பு: எங்கிருந்து தொடங்குவது?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "50 ஏக்கரில் வீடுகளும் அலுவலகங்களும் சேர்ந்த குடியிருப்பைத் திட்டமிடுகிறோம். வடக்கே வீடுகள், தெற்கே அலுவலகங்கள், நடுவில் பூங்கா. ஒவ்வொரு மனைத் தொகுதியும் (நான்கு பக்கமும் தெரு சூழ்ந்த நிலத் துண்டு) 240 மீட்டர் நீளம், 80 மீட்டர் அகலம். மக்கள் நடந்து போவார்களா?"

50 ஏக்கரைச் சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் 450 மீட்டர்தான் வரும். நிதானமாக நடந்தாலே ஆறு நிமிடம். நிலத்தின் அளவு உங்களுக்குச் சாதகம். எனக்குக் கவலை தருவது அந்த 240 மீட்டர்.

தொகுதியின் நடுவில் ஒருவர் குடியிருக்கிறார். அவர் வீட்டுக்கு நேர் பின்னால், அடுத்த தெருவில் மருந்துக் கடை. அங்கே போக மூலைவரை 120 மீட்டர், திரும்பி 80, மறுபடி 120. மொத்தம் 320 மீட்டர். போய்வர 640. அவர் கை தானாக வண்டிச் சாவிக்குப் போய்விடும். நடுவே ஒரு சந்து விட்டுப் பாருங்கள், அதே கடை 80 மீட்டரில் வந்துவிடும். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகர மையத்தில் ஒரு தொகுதியின் பக்கம் சுமார் 61 மீட்டர். ஸ்பெயினின் பார்சிலோனாவில் இல்தெஃபோன்ஸ் செர்தா என்ற பொறியாளர் 1859-இல் வகுத்த பகுதியில் 113. நீங்கள் 100-ஐத் தாண்டாதீர்கள். சந்துக்குக் கதவு போட்டுப் பூட்டவும் விடாதீர்கள்.

அடுத்து, வடக்கு தெற்குப் பிரிவினை. அதை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். அலுவலகப் பக்கம் மாலையில் வெறிச்சோடும், வீட்டுப் பக்கம் பகலில். இரண்டு இடத்திலும் கடைக்காரருக்குப் பாதி நாள்தான் வியாபாரம். வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு ஆட்கள் புழங்கினால்தான் தெரு உயிரோடு இருக்கும் என்று நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லேயே சொன்னார். ஒரே தெருவில் இரண்டையும் கலந்து வையுங்கள். அதற்காக எல்லாத் தரைத்தளத்திலும் கடை வேண்டாம், பாதி காலியாகக் கிடக்கும். பிரதான தெருவும் மூலைகளும் போதும். அங்கே தரைத்தளத்தை 4 மீட்டர் உயரத்துக்குக் கட்டினால் இன்றைய அலுவலகம் நாளை கடையாகலாம்.

வாகன நிறுத்தம் கட்டடத்துக்குப் பின்னாலோ ஓரத்திலோ இருக்கட்டும். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் வௌபான் குடியிருப்புக்காரர்கள் பலர் எல்லையிலுள்ள நிறுத்தக் கட்டடத்தில் காரை விட்டுவிட்டு வீட்டுக்கு நடக்கிறார்கள்.

அப்புறம் ஒன்று. இங்கே குடியிருப்பவர்களில் பலர் வேலைக்கு வெளியேதான் போவார்கள், இங்கே வேலை பார்ப்பவர்களும் வெளியிலிருந்துதான் வருவார்கள். அதனால் பேருந்து நிறுத்தத்தை நுழைவாயிலுக்கு வெளியே தள்ளாமல் பிரதான தெருவின் நடுவிலேயே கொண்டுவாருங்கள். பேருந்து திரும்ப இடம் வேண்டும், இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.