அம்மம்மாவுக்குக் கிரீடம் வைத்த பிள்ளையைக் கணக்காளராக்க வேண்டாம்

வெள்ளவத்தையிலிருந்து வந்த தாய் என் மேசையில் இரண்டு பொருள்களை வைத்தார். ஒன்று தனியார் கல்வி நிறுவனமொன்றின் கணக்கியல் பட்டத்துக்கான விண்ணப்பம். மற்றது மகளின் கைப்பேசி. "உயர்தரத்தில் வணிகப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. கனடா மாமா முதல் வருடக் காசைக் கட்டுகிறேன் என்கிறார். இவளோ வீட்டிலிருப்பவர்களுக்கு வேஷம் கட்டிப் படம் எடுக்கிறாள். நீங்களாவது புத்தி சொல்லுங்கள்" என்றார்.

பதற்றப்படாதீர்கள், பத்தொன்பது வயதுதானே என்றுதான் நானும் தொடங்கினேன். படத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டேன்.

பிளாஸ்டிக் கதிரையில் அம்மம்மா மகாராணியாக அமர்ந்திருந்தார். தோளில் பழைய ஜன்னல் திரை, கையில் செங்கோலாக ஈர்க்குமாறு. பால்மா பையின் வெள்ளித்தாளால் செய்த கிரீடம் தலையில். அந்தத் தாளை அவள் வேண்டுமென்றே கசக்கியிருந்தாள். வழுவழுப்பாக விட்டிருந்தால் ஜன்னல் வெளிச்சம் ஒரே இடத்தில் பளீரென்று அடித்திருக்கும். திரையின் மடிப்புகள் சீராக விழுவதற்காக, முதுகுப் பக்கம் உடுப்புக் கிளிப்புகள் நான்கு போட்டதாகச் சொன்னாள். அம்மம்மா வெட்கம் விட்டுச் சிரித்திருந்தார். இது யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல.

மாமா கட்டுவது முதல் வருடம். மீதியை யார் கட்டுவது என்று கேட்டேன். தாய் தன் கைக் காப்பைப் பார்த்தார். அம்மா, அந்தக் காப்பு அடகுக்குப் போகக் கூடாது. மனம் ஒட்டாத பாடத்தில் இரண்டாம் வருடத்தில் நின்றுவிட்ட பிள்ளைகள் பலர் இதே கதிரையில் இருந்து அழுதிருக்கிறார்கள். பட்டமும் வரவில்லை, நகையும் மீளவில்லை. மாமாவின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒரு வருடக் காசு கொடுப்பவர் பிள்ளையின் நாற்பது வருட உழைப்பைத் தீர்மானிக்க முடியாது.

கணக்கியல், கணினி, தாதியர் பயிற்சி பற்றி உறவினர்கள் சொல்லாத எதுவும் என்னிடம் இல்லை; அவற்றை விடுகிறேன். படப்பிடிப்புக்கு உடையும் தோற்றமும் அமைக்கும் வேலையைப் பற்றித்தான் பேச வேண்டும். ஸ்டைலிஸ்ட் என்பார்கள்.

இப்படியும் ஒரு வேலையா என்று கேட்டார். ஜூலியா மார்கரெட் கமரூன் என்ற பிரித்தானிய அம்மையாருக்கு 1863இல், 48 வயதில், முதல் கமரா கிடைத்தது. வீட்டுப் பணிப்பெண்ணுக்கு மாதாவின் முக்காடு போட்டும், உறவுக்காரக் குழந்தைகளுக்குச் சிறகு கட்டியும் அவர் எடுத்த படங்களை உலகம் இன்றும் பார்க்கிறது. 1875இல் இலங்கைக்கு வந்த அவரின் கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது.

இங்கே சாமத்திய வீடு, கல்யாணம், முதலாம் பிறந்தநாள், துணிக்கடை விளம்பரம் என்று எல்லாவற்றுக்கும் கமராக்காரர் கிடைக்கிறார். சரிகை வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், வெல்வெட் அதை விழுங்கிவிடும், நெருக்கமான மெல்லிய கோடுபோட்ட துணி படத்தில் அலையடிக்கும் என்று தெரிந்து உடுப்பைத் தெரிவுசெய்பவர் அரிது. பெரிதாக இருக்கும் சட்டையைப் பின்னால் ஊக்குக் குத்தி அளவாக்குவது, சுருக்கத்தை ஆவியில் எடுப்பது, அழுகிற குழந்தைக்குத் தலைப்பாகையை விளையாட்டாக்குவது எல்லாம் இந்த வேலைதான். மகள் முதலில் தையலை முறையாகப் படிக்கட்டும். வெட்டத் தெரியாதவருக்கு உடை அடங்காது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழோடு படிக்கலாம். அந்தத் தகைமை ஏழு மட்டங்கள் கொண்டது. நான்காம் மட்டம் முழுத் தேர்ச்சி பெற்ற தொழிலாளருக்குரியது, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். ஆகவே "படிக்காமல் விட்டுவிட்டாள்" என்று பெரியம்மா சொல்ல இடமில்லை.

கமரா வாங்கித் தர வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இப்போது தேவை நல்ல கத்தரிக்கோல், ஊசி நூல், ஊக்குப் பெட்டி, அயன் பெட்டி. துணிக்குப் புறக்கோட்டை கெய்சர் வீதி இருக்கிறது. வெட்டுத் துண்டுகளைக் கேட்டு வாங்கப் பழகட்டும். படிக்கும்போதே வார இறுதிகளில் ஒரு ஸ்டூடியோவில் உதவியாளராக நிற்கலாம். பஸ் காசும் மதியச் சாப்பாடும் தராத இடமென்றால் அனுப்பாதீர்கள், எவ்வளவு பெயர் பெற்ற இடமானாலும்.

வருமானம் மாதாமாதம் ஒரே அளவாக வராது. முகூர்த்த மாதங்களில் வேலை குவியும், ஆடியிலும் மார்கழியிலும் கை காயும். அப்போது தையல் கைகொடுக்கும். ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்குமுன் சீருடை தைக்க ஆட்கள் தேடி வருவார்கள்.

தொழிற்பயிற்சி அதிகார சபையின் தலைமை அலுவலகம் நாரஹேன்பிட்டி எல்விட்டிகல மாவத்தையில் 'நிபுணதா பியச' கட்டடத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை மகள் அங்கே போய்ப் பாடநெறி விபரங்களை வாங்கி வரட்டும். நீங்கள் கூடப் போக வேண்டாம், அவளே கேட்கட்டும். மாமாவுக்கு அந்த அம்மம்மா படத்தை அனுப்பிவிட்டு, பிறகு தொலைபேசியில் பேசுங்கள்.