அந்தக் குருகு எதைப் பார்த்துச்சு? (கடிதம்)

வணக்கம் சார், குறுந்தொகை 25ஆம் பாட்டு, கபிலர் எழுதுனது, ரெண்டு வாரமா படிச்சிட்டிருக்கேன். வார்த்தை எல்லாம் புரியுது, பாட்டு புரிஞ்ச மாதிரி இல்ல. அதுல ஒரு குருகு, அதாவது நாரை, வருது; ஒருத்தர் குருகுன்னா தலைவன்தான்ங்கிறார், இன்னொருத்தர் ஊர் உலகம்ங்கிறார். எது சரி? நானா ஒரு அர்த்தம் எடுத்துக்கலாமா?

– ஒரு வாசகி

வணக்கம்மா,

எடுத்துக்கலாம். ஆனா அந்த அர்த்தம் பாட்டுல இருக்கிற சொல்லுல நிக்கணும். மத்தவங்க படிக்கிறதுக்காக பாட்டை முழுசா போடுறேன், மொத்தமே அஞ்சு வரிதான்:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தான்அது பொய்ப்பின் யான்எவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

கல்யாணம் தள்ளிப் போய்ட்டே இருக்கு, தலைவி தோழிகிட்ட சொல்றா. நாங்க ரகசியமா சேர்ந்த அன்னைக்கு அங்க யாருமே இல்ல, அவன்தான் இருந்தான், அவனே இல்லன்னு சொல்லிட்டா நான் என்னடி பண்ணுவேன், ஓடுற தண்ணில ஆரல் மீனைப் பார்த்துட்டு ஒரு குருகு நின்னுச்சு. அவ்ளோதான். முதல்ல இது ஒரு பொண்ணு இன்னொரு பொண்ணுகிட்ட பேசுற பேச்சு, அந்தக் குரல் காதுல விழுற வரைக்கும் குருகு எதுக்குக் குறியீடுன்னு போகவே போகாதீங்க. அவன் இவளைத் தேடி வந்ததும் குருகு மீனுக்கு நின்னதும் ஒண்ணுதான்னு படிச்சா தப்பில்ல, பாட்டு அதுக்கு இடம் குடுக்குது. ஊர் உலகம்னு சொல்றதுக்கு எனக்கு இதுல ஒரு பிடியும் கிடைக்கல, யாரும் இல்லைன்னுதானே ஆரம்பிக்கிறா.

எனக்குப் பெருசா படுறது வேற. பாட்டு முழுக்க பார்க்கிறதுக்குன்னு ஒரே ஒரு சொல்தான், 'பார்க்கும்', அதுவும் மீனுக்குப் போயிடுச்சு. குருகு 'உண்டு'ன்னுதான் சொல்றா, எங்களைப் பார்த்துச்சுன்னு சொல்லவே இல்ல. சாட்சி தேடிப் போனவளுக்குக் கிடைச்ச ஒரே உயிரு, அதுவும் இந்தப் பக்கம் திரும்பல. 'குருகும்'னு அந்த உம் போடுறா பாருங்க, அதுல எவ்ளோ தவிப்பு!

1937ல வந்த உ.வே.சா பதிப்பு கிடைச்சா அதை வச்சுப் படிங்க. சொல்லுக்குச் சொல் அர்த்தம் சொல்ற பதவுரையைப் பார்த்துட்டு புத்தகத்தை மூடிடுங்க, நாலு நாள் பாட்டோட மட்டும் இருங்க, விளக்கமா எழுதின விசேடவுரை அப்புறம். உரை வேண்டாம்னு சொல்லல, அது இல்லாம நமக்கு ஆரலும் தெரியாது, ஞான்றுன்னா நாள்னும் தெரியாது. ஆனா முதல்லயே அடுத்தவர் விளக்கத்தைப் படிச்சிட்டா அதுக்கு மேல உங்க கண்ணு போகாது.

ஒண்ணு கவனிச்சீங்களா, அந்தக் கால் தினைத்தாள் மாதிரி மெலிசா பச்சையா இருந்துச்சுன்னு சொல்றா. தினைப்புனத்துல வளர்ந்த பொண்ணு, உவமை அங்கிருந்துதான் வருது. ஏன் காலைப் பத்தி மட்டும் சொல்றா? வெக்கத்துல தலை குனிஞ்சிருந்தவ கண்ணுக்கு அதுதான் தெரிஞ்சிருக்கும்னு நான் படிக்கிறேன். இது என் வாசிப்புதான், நீங்க ஒத்துக்கணும்னு இல்ல. அவன் மறுக்கலாம், குருகு மீனைத் தின்னுட்டுப் பறந்திருக்கும், அந்தக் கால் என்ன நிறம்னு இவளுக்கு மட்டும் இன்னும் மறக்கல.