லூபின் அசுவினி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பட்டாணிக் குடும்பப் பூச்செடியான லூபினின் பூங்கதிர்கள் சாம்பல் பூசியதுபோல் வெளுத்துக் காணப்படுகின்றன. இது சாம்பல் நோயா?

பதில்: விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். வெண்பொடி அகன்று, கீழே பச்சை உடலும் நீண்ட கால்களும் தெரிந்தால் அது பூஞ்சணம் அன்று. மேக்ரோசைஃபம் ஆல்பிஃப்ரான்ஸ் எனப்படும் லூபின் அசுவினி, அதாவது செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி. வெண்பொடியாகத் தெரிவது அதன் உடலில் படிந்த மெழுகு. அசுவினி இனங்களில் இது பெரியது. நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு வளரும். வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி, 1981இல் பிரிட்டனில் கண்டறியப்பட்டது. பின்னர் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் பரவியது.

கேள்வி: தோட்டத்தில் பொறிவண்டுகள் நிறைய உண்டு. அவையே இதைத் தின்று தீர்த்துவிடாதா?

பதில்: மற்ற அசுவினிகள் விஷயத்தில் இந்த நம்பிக்கை பெரும்பாலும் பலிக்கும்; இங்கே பலிப்பது அரிது. லூபின் செடி தன் இலைகளில் லூபனின் போன்ற கசப்பு ஆல்கலாய்டுகளை (நச்சு வேதிப்பொருள்களை) உருவாக்கி, உணவைக் கடத்தும் புளோயம் குழாய்கள் வழியே மற்றப் பாகங்களுக்கு அனுப்புகிறது. இந்தக் குழாய்ச் சாற்றைத்தான் அசுவினி உறிஞ்சுகிறது. ஆனால், பல பூச்சிகளை விரட்டும் அந்த நஞ்சால் தான் பாதிக்கப்படாமல், அதைத் தன் உடலில் சேமித்தும் வைத்துக்கொள்கிறது. கசப்பு லூபினில் வளர்ந்த அசுவினிகளைத் தின்ற தரைவண்டுகள் ஏறத்தாழ இரண்டு நாட்கள் மயங்கிக் கிடந்ததை 1980களில் ஓர் ஆய்வு பதிவு செய்தது. செடி தனக்காகச் செய்த கவசத்தை அதன் எதிரியே அணிந்துகொள்ளும் இந்தத் திருட்டை, தோட்டக்காரராக எரிச்சலுடனும் பூச்சியியல் மாணவராக வியப்புடனும்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: அருகிலுள்ள ரோஜாவுக்கும் பட்டாணிக்கும் பரவுமா?

பதில்: பரவாது, இது லூபினையே சார்ந்து வாழும் பூச்சி. அவற்றில் காணப்படுபவை வேறு இனங்கள்.

கேள்வி: அப்படியானால் கசப்பு நீக்கப்பட்ட லூபின் ரகங்களைப் பயிரிட்டால் தொல்லை தீருமா?

பதில்: தீராது. ஆல்கலாய்டு குறைந்த ரகங்களில் பச்சைப் பீச் அசுவினி, கருநிறத் தட்டைப்பயறு அசுவினி போன்ற பொதுவான இனங்கள் எளிதில் குடியேறும். அவற்றுள் சில வைரஸ் நோய்களையும் பரப்பும்.

கேள்வி: எப்போது, எப்படிக் கட்டுப்படுத்துவது?

பதில்: இளவேனிலில் குருத்து விரியும்போதே தொடங்குங்கள். பெண் பூச்சிகள் ஆண் துணையின்றியே குஞ்சுகளை ஈனுவதால், ஓரிரண்டு பூச்சிகளே சில வாரங்களில் கதிரை மூடும் கூட்டமாகிவிடும். தாக்குதல் கடுமையானால் செடி வாடி மடியவும் கூடும். தொடக்கத்தில் விரலால் நசுக்குவதே போதும். கூட்டம் பெருகியிருந்தால் பூச்சிக்கொல்லி சோப்புக் கரைசலை இலையின் அடிப்புறமும் நனையும்படி மாலையில் தெளியுங்கள். மெழுகு நீரை வழுகச் செய்வதால் மேலோட்டமாகத் தெளிப்பது பயன் தராது. பூத்திருக்கும் கதிர்களில் தேனீக்கள் வரும் என்பதால், வீரியமிக்க பூச்சிக்கொல்லிகளை அப்போது தவிர்த்துவிடுங்கள்.