முதல் முறையாக மர வேலைக்கு ரவுட்டர் வாங்குகிறேன். சின்ன டிரிம்மர் போதுமா, பெரிய பிளஞ்ச் ரவுட்டர் வேண்டுமா?

உங்கள் வேலையைப் பொறுத்தது. ரவுட்டர் என்பது வேகமாகச் சுழலும் பிட்டால் (வெட்டும் முனையால்) மரத்தைச் சீவிக் குடையும் இயந்திரம்; டிரிம்மர் அதன் சின்ன வகை. மைக்கா ஓரம் சீவ, பலகை விளிம்பை உருட்ட, கீலுக்குக் குழி எடுக்க டிரிம்மரே போதும். மகிட்டா 3709 மாதிரி 530 வாட் இயந்திரத்தை ஒரு கையிலேயே பிடிக்கலாம். தேக்கில் ஆழமான காடி, கதவில் பூட்டுக்குழி என்றால் பிளஞ்ச் ரவுட்டர்தான் சரி. சுழலும் பிட்டை மேலிருந்து நேராக மரத்துக்குள் இறக்கலாம், ஆழத்தையும் படிப்படியாகக் கூட்டலாம்.

வாட்டை விட நான் முதலில் பார்ப்பது காலெட் அளவு, அதாவது பிட்டின் தண்டை இறுக்கிப் பிடிக்கும் வாயின் அளவு. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. அந்தக் காலெட்டில் 6 மி.மீ. தண்டுள்ள பிட்டை மாட்டினால் பிடி நிற்காது. ஓடும்போதே நழுவும், ஆபத்து. அரை அங்குலத்துக்கும் 12 மி.மீ.க்கும் இதே கதைதான். கடையில் பிட்டையும் சேர்த்தே மாட்டிப் பாருங்கள்.

அடுத்து, வேகத்தைக் குறைக்கும் வசதி. 60 மி.மீ. அகல பிட் நிமிடத்துக்கு 30,000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 340 கி.மீ. வேகத்தில் போகும். மரம் கருகும், பிட்டும் உடையலாம். பெரிய பிட் போடும் எண்ணம் இருந்தால் வேகக் கட்டுப்பாடு இல்லாததை வாங்கவே வாங்காதீர்கள்.

என்னைக் கேட்டால் முதலில் டிரிம்மர். அப்புறம், பாதுகாப்புக் கண்ணாடியும் தூசி முகமூடியும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.