பழைய எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்ஃபோன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் எஸ்ஆர்-லாம்டா ஹெட்ஃபோன் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். போட்டவுடன் இரண்டு காதும் சமமாகக் கேட்கிறது. அரை மணி நேரத்தில் இடது பக்கம் மங்கிவிடுகிறது. டிரைவர் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. டிரைவரை, அதாவது ஒலி எழுப்பும் பாகத்தை, கழற்றும் எண்ணத்தைத் தள்ளிவையுங்கள்.

இந்த வகை ஹெட்ஃபோனில் காயிலும் கிடையாது, காந்தமும் கிடையாது. ஸ்டேட்டர் எனப்படும், துளையிட்ட, அசையாத இரண்டு தகடுகளுக்கு நடுவே சில மைக்ரான் தடிமனே உள்ள பாலியெஸ்டர் ஃபிலிம் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. ஃபிலிமில் எப்போதும் மின்னூட்டம் இருக்க வேண்டும். அதைத் தருவதுதான் பயாஸ் வோல்டேஜ். பாட்டு ஸ்டேட்டர்களுக்குப் போகிறது. ஃபிலிமில் உள்ள சார்ஜ் குறைந்தால் அதே அளவுக்குச் சத்தமும் குறையும். ஆகவே ஒரு பக்கம் மங்கினால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சார்ஜ் வந்து சேரவில்லையா, வந்தது கசிகிறதா?

இதற்குக் கடிகாரமே பதில் சொல்லும். முதலில் மந்தமாக இருந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெல்ல ஏறி வந்தால், சார்ஜ் வரும் வழியில் தடை. ஃபிலிமைத் தொடும் கான்டாக்ட் வளையம் கறுத்திருக்கலாம், ஃபிலிம் முழுதும் சார்ஜைக் கொண்டுபோகும் மேல்பூச்சு தேய்ந்திருக்கலாம். உங்களுடையதுபோல நன்றாகத் தொடங்கிப் பிறகு மங்கினால் கசிவு. காதின் சூடும் வியர்வை ஈரமும் கப்புக்குள் சேரச் சேர, உள்ளே படிந்த தூசி ஈரத்தை உறிஞ்சி மின்சாரத்துக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறது. சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் இது அதிகமாகத் தெரியும்.

குற்றவாளி ஹெட்ஃபோன்தான் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் இடது வலது ஒயர்களை மாற்றிச் செருகுங்கள். மங்கல் வலது காதுக்கு மாறினால் கோளாறு பிளேயரிலோ அந்த ஒயரிலோ இருக்கிறது. இடது காதிலேயே நின்றால் ஹெட்ஃபோன், இல்லாவிட்டால் அதை ஓட்டும் பெட்டியின் இடது சேனல். இன்னொரு ஹெட்ஃபோன் கிடைத்தால் அதைச் செருகிப் பார்ப்பது இதைப் பிரித்துச் சொல்லும்.

ஹெட்ஃபோன்தான் என்றானால், காற்றுப் புகாத பெரிய டப்பாவில் 200 முதல் 250 கிராம் சிலிகா ஜெல்லோடு இரண்டு நாள் மூடி வையுங்கள். ஜெல் பொட்டலம் டிரைவரில் படக்கூடாது. ஹேர் டிரையர் வேண்டாம். சூட்டில் ஃபிலிமின் இழுவிசை மாறிவிட்டால் பழையபடி திரும்பாது. உலர்த்தியபின் சரியாகி ஒரு வாரத்தில் மறுபடி மங்கினால், டிரைவரின் இருபுறமும் இருக்கும் டஸ்ட் கவரைச் சந்தேகப்படுங்கள். அதுவும் மெல்லிய ஃபிலிம்தான். ஓரத்தில் பசை விட்டிருக்கும், இல்லையேல் கிழிந்திருக்கும். டார்ச்சைச் சாய்வாக அடித்தால் தெரியும். கிழிந்த கவருக்குப் பதிலாக 3 முதல் 6 மைக்ரான் பாலியெஸ்டர் ஃபிலிமை, சுருக்கம் போகும் அளவுக்கு மட்டும் இழுத்து ஒட்டினால் போதும். இதற்கு மேல்பூச்சு தேவையில்லை.

பயாஸ் 580 வோல்ட் வர வேண்டிய சாக்கெட்டில் மல்டிமீட்டர் 390தான் காட்டுகிறது. பவர் சப்ளை பழுதா?

பழுது இல்லை. மீட்டர் தானே கீழே இழுக்கிறது. சாக்கெட்டின் பயாஸ் முனைக்கு முன்னால் பாதுகாப்புக்காக 4.7 மெகா ஓம் சுற்றளவில் ஒரு ரெசிஸ்டர் வைப்பது வழக்கம். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். இரண்டும் சேர்ந்து வோல்டேஜைப் பங்குபோட்டால் 580-இல் 10/14.7 பங்கு, அதாவது சுமார் 395 மீட்டருக்கு வரும். நீங்கள் பார்த்தது அதுதான்.

சரியாக அளக்க, 10 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்பதைத் தொடராகச் சால்டர் செய்து, மேலே ஸ்லீவ் போட்டு, மீட்டரின் சிவப்பு முனையோடு சேருங்கள். மொத்தத் தடை 100 மெகா ஓம் ஆகிவிடும், மீட்டர் பத்தில் ஒரு பங்கைக் காட்டும். 580 வோல்ட் பெட்டியில் 55 வந்தால் நலம். சப்ளையின் உள்தடையைப் பொறுத்து ஓரிரு வோல்ட் குறையலாம். 45-க்குக் கீழே போனால் மட்டும் உள்ளே திறந்து பாருங்கள். வயதில் மதிப்பு ஏறிப்போன ரெசிஸ்டரும், வோல்டேஜைப் பெருக்கும் மல்டிபிளையரில் கசியும் கெபாசிட்டரும்தான் வழக்கமான காரணம். மாற்றும்போது பழையதில் அச்சிட்ட வோல்டேஜுக்குக் குறைந்ததைப் போடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பயாஸ் முனையில் கை பட்டால் அந்தப் பெரிய ரெசிஸ்டர் கரண்ட்டைக் கட்டுப்படுத்திவிடும். ஆனால் எஸ்ஆர்எம்-1 போன்ற டிரைவர் ஆம்ப்ளிஃபயர்களின் உள்ளே கூட்டல் கழித்தல் இருபக்கமும் 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. அதற்கு இந்தக் கருணை கிடையாது. பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடம் விட்டு, பெரிய கெபாசிட்டர்களை 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் சார்ஜ் இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்தபின் கை வையுங்கள். மின்சார வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் இந்தப் பெட்டிகளைத் திறக்கவே வேண்டாம்.

ஆறு பின் பிளக், ஐந்து துளை சாக்கெட். அந்த ஆறாவது பின்னை வெட்டிவிட்டால் என்ன?

வெட்டவே கூடாது. பின் எண்ணிக்கையை வேறுபடுத்தியதே உங்களைத் தடுப்பதற்குத்தான். ஆறு பின் உள்ளது 230 வோல்ட் பயாஸ் கொண்ட 'நார்மல்' வகை. அதில் ஃபிலிமுக்கும் ஸ்டேட்டருக்கும் இடைவெளி சுமார் 0.3 மில்லிமீட்டர். ஐந்து பின் 'ப்ரோ' வகையில் 580 வோல்ட், இடைவெளி 0.5. கணக்குப் போட்டால் நார்மலில் மில்லிமீட்டருக்கு சுமார் 770 வோல்ட், ப்ரோவில் 1,160. நார்மல் டிரைவருக்கு 580 கொடுத்தால் 1,930-ஐத் தாண்டும், அதன்மேல் பாட்டின் வோல்டேஜும் ஏறும். ஃபிலிம் ஸ்டேட்டரில் ஒட்டிக்கொள்ளும், பொறி பறக்கும்.

மறுதலையாக, ஐந்து பின் ப்ரோ ஹெட்ஃபோனை ஆறு துளை நார்மல் சாக்கெட்டில் செருகலாம். சத்தம் குறையும், கெடுதல் இல்லை.

குஷனுக்குள்ளிருந்து கறுப்புத் தூள் கொட்டுகிறது.

பழைய ஃபோம் மக்கிவிட்டது. தாமதிக்காதீர்கள். அந்தத் தூள் டஸ்ட் கவரின் மேல் பிசுபிசுப்பாகப் படிந்து, கவர் கிழிந்திருந்தால் நேரே டிரைவருக்குள் போகும்.

லாம்டா வகையில் குஷன் டபுள் சைடு டேப்பால் ஒட்டப்பட்டிருக்கும். ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள். ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பினால் அது நழுவிக் கவரைக் குத்தும். ஹெட்ஃபோனைக் குஷன் பக்கம் கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, மென்மையான ஓவியத் தூரிகையால் தூளைத் தட்டிவிட்டால் அது வெளியே விழும். வேக்யூம் கிளீனரும் வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம். பசைக் கறைக்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுப் பிழிந்த காட்டன் பட்ஸ் போதும். தின்னர், அசிட்டோன் இரண்டும் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். புதுக் குஷன் ஒட்டுமுன் அடியில் தெரியும் ஸ்க்ரூக்களைச் சரிபாருங்கள். தளர்ந்திருந்தால் மூலைவிட்டமாக, மாற்றி மாற்றி முறுக்குங்கள்.

கப்பைக் காதில் அழுத்தும்போது 'புர்ர்' என்று ஒரு சத்தம் வருகிறதே?

கப் காதைக் காற்றுப் புகாமல் மூடுவதால் அழுத்தம் ஏறி ஃபிலிம் மடங்கி எழும் சத்தம் அது. நல்ல ஹெட்ஃபோனிலும் வரும். அழுத்தாதபோதும் வந்தால்தான் கவலை.

கீச்சிடுகிறது, சில நேரம் வெடிக்கிறது, பிறகு அந்தப் பக்கம் ஊமை. ஃபிலிம் மாற்ற முடியுமா?

முடியும். ஆனால் உலர்த்தல், டஸ்ட் கவர், கேபிள், பயாஸ் எல்லாவற்றையும் பார்த்து முடித்தபின். டிரைவர் ஸ்க்ரூவால் இணைந்ததா, ஒட்டியதா என்று பாருங்கள். ஒட்டியதைப் பிளந்தால் ஸ்டேட்டர் வளையும் அபாயம் பெரிது. அப்படியானால் வேலை செய்யும் டிரைவர் உள்ள இன்னொரு பழைய ஜோடியைத் தேடுவதே மேல்.

திறந்தபின் ஸ்டேட்டரில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பொறி அடித்த தடம். ஆல்கஹாலால் துடையுங்கள். ஃபிலிமில் ஊசிமுனை ஓட்டை ஒன்றிரண்டு இருப்பது பெரிய விஷயமல்ல. ஃபிலிம் தொய்ந்து தகட்டைத் தொடுவதுதான் விஷயம்.

புதிதாகப் போட 2 முதல் 3 மைக்ரான் பாலியெஸ்டர் ஃபிலிம் வேண்டும். சமையலறை கிளிங் ஃபிலிம் பாலிஎத்திலீன் அல்லது பிவிசி, அது இழுவிசையைத் தாங்காமல் நாளடைவில் தொய்ந்துவிடும். மின்விசிறியை அணைத்து, தரையை ஈரத்துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் தூசி அடங்கவிட்டுத் தொடங்குங்கள். கண்ணாடிப் பலகையில் ஃபிலிமை விரித்து எதிரெதிர் ஓரங்களை மாற்றி மாற்றி டேப்பால் இழுங்கள். சுருக்கம் மறைந்தபின் இன்னும் ஒரு சுற்று இழுத்தால் சரியாக இருக்கும். வளையத்தில் மெதுவாக இறுகும் எபாக்சியை மிக மெல்லியதாகத் தடவி, எடை வைத்து 24 மணி நேரம் விடுங்கள்.

அடுத்தது மேல்பூச்சு. இங்கேதான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். கிராஃபைட் தேய்த்தால் சத்தம் வரும். ஆனால் தடை மிகக் குறைவு. ஃபிலிம் ஒரு பக்கம் சாயும்போது சார்ஜும் அந்த இடத்துக்கே ஓடிச் சேர்ந்து இன்னும் சாய்க்கும். டிஸ்டார்ஷன் கூடும், ஒட்டிக்கொள்ளும் அபாயமும் கூடும். சதுரத்துக்கு (சதுரம் எந்த அளவானாலும்) 100 மெகா ஓம் முதல் 10,000 மெகா ஓம் வரை தடை தரும் ஆன்டிஸ்டாட்டிக் திரவம்தான் தேவை. அதைப் பஞ்சில் தொட்டு, கான்டாக்ட் வளையம் படும் பக்கத்தில் மட்டும், ஒரே மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். மறுபக்கத்தில் ஒரு துளி பட்டாலும் ஓரத்தின் வழியே கசியும். காய்ந்தபின் மல்டிமீட்டர் முனைகளை ஒரு சென்டிமீட்டர் தள்ளி மெல்ல வைத்துப் பாருங்கள். அது எந்த எண்ணையும் காட்டக்கூடாது. காட்டினால் பூச்சு மிஞ்சிவிட்டது.

ஒரு பக்கம்தான் கெட்டது என்றாலும் இரண்டையும் ஒரே நாளில், ஒரே ஃபிலிமில், ஒரே திரவத்தில் செய்யுங்கள். புதிதும் பழையதும் ஜோடியாக ஒருநாளும் சமமாகக் கேட்காது.

கேபிள் விறைத்து வெடித்துவிட்டது. மைக் கேபிள் போடலாமா?

வேண்டாம். டிரைவர், அசல் கேபிள் இரண்டும் சேர்ந்த கெபாசிட்டன்ஸே நூறு பிகோஃபாரட் சுற்றளவில்தான். ஷீல்டு உள்ள மைக் கேபிள் மீட்டருக்கே அவ்வளவு சேர்த்துவிடும். இரண்டரை மீட்டரில் ஆம்ப்ளிஃபயரின் சுமை பல மடங்காகி மேல்ஸ்தாயி மழுங்கும். அசல் கேபிள் தட்டையாக, ஒயர்கள் விலகி இருப்பது அதனால்தான். ஷீல்டு இல்லாத, 1,000 வோல்ட் தாங்கும் மெல்லிய ஒயர்களைத் தளர்வாகப் பின்னிப் போடுங்கள். பல நேரம் முறிவு பிளக்கை ஒட்டித்தான் இருக்கும். அங்கே ஐந்து சென்டிமீட்டர் வெட்டிச் சேர்த்தாலே பிழைத்துக்கொள்ளும்.

டிரைவரில் ஒயர் சேரும் இடத்தில் 300 டிகிரி சால்டரிங் அயர்ன் முனையை இரண்டு விநாடிக்கு மேல் வைக்காதீர்கள், சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகும். முடிந்ததும் ஒரு மோனோ பதிவைக் கேளுங்கள். குரல் தலையின் நடுவில் நிற்க வேண்டும். சிதறி, பாஸ் காணாமல் போனால் ஒரு பக்கத்தின் முன் பின் ஸ்டேட்டர் ஒயர்கள் மாறிவிட்டன.

ஜப்பானிலிருந்து வந்த எஸ்ஆர்டி-7 பெட்டி (ஆம்ப்ளிஃபயருக்கும் ஹெட்ஃபோனுக்கும் நடுவில் வருவது). இங்கே எப்படி இணைப்பது?

பின்புறம் 100 வோல்ட் என்றிருந்தால் 230-இலிருந்து 100-க்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். சுமை மிகக் குறைவு, 50 விஏ தாராளம். பெயரின் முடிவில் எஸ்பி என்றிருந்தால் அது பாட்டிலிருந்தே பயாஸ் எடுத்துக்கொள்ளும் வகை, மின் இணைப்பே இல்லை. அதில் முதல் சில விநாடி சத்தம் வராதது பழுதல்ல.

இந்தப் பெட்டி ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் சேர்வது. பெட்டியின் இரண்டு கழித்தல் முனைகளும் உள்ளே ஒன்றாக இணைந்திருக்கின்றனவா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். இணைந்திருந்தால் பிரிட்ஜ் வகை ஆம்ப்ளிஃபயரை, அதாவது இன்றைய சிறிய கிளாஸ்-டி பெட்டிகளில் பலவற்றை, அதோடு சேர்க்கக்கூடாது. ஆம்ப்ளிஃபயர்தான் எரியும்.

எஸ்ஆர்-40 மாடலுக்கு பயாஸ் எவ்வளவு?

அது எலக்ட்ரெட். சார்ஜ் தயாரிக்கும்போதே பொருளுக்குள் பதிக்கப்பட்டது, வெளியிலிருந்து பயாஸ் கிடையாது. அதன் எஸ்ஆர்டி-4 பெட்டியில் மின் ஒயர் இல்லையே என்று தேட வேண்டாம். சார்ஜ் தீர்ந்து ஒரு பக்கம் மங்கியிருந்தால் வீட்டில் சரிசெய்யும் வழி இல்லை. வாங்குமுன் இரண்டு காதும் சமமா என்று கேட்டு வாங்குங்கள்.